சுதர்ஷினி சமைத்த தேங்காய்ப்பால் இல்லாத கோழி

சுதர்ஷினி ஒரு காலத்தில் என் கோழிக்கடைக்கு இருபத்திரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். கோதுமை மாவும் சமையல் காஸும் தொட முடியாத விலைக்குப் போன வருஷத்தில் ஏறிய கடன் அது. அவளுடைய புருஷன் சுதாகரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். அந்தக் கடையை மூடியதும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் திரும்பி வந்துவிட்டான். இவள் ஒருத்தியின் கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் நாலு வயிறு. கடைக்கு வருவாள், கோழிக் கழுத்தும் காலும் ஈரலும் கேட்பாள், "மாசம் பொறந்ததும் தர்றேன் மாமா" என்பாள். நானும் எழுதிக்கொள்வேன்.

பிறகு அவள் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது, கொழும்பிலிருந்து வந்த வேன் லயத்துக்கு ஏறுவதற்கு முன்னால் என் கடை வாசலில் நின்றது. இறங்கி வந்து கடன் முழுவதையும் மேசையில் வைத்தாள். "முழுக்கோழியா ஒண்ணு வெட்டுங்க மாமா, காலு கழுத்தெல்லாம் இன்னைக்கி வேணாம்" என்றாள். நான் நாற்பது வருஷமாகக் கடன் கொடுத்தவன். கடன் வாங்கிய ஆள் என் கடை இருக்கும் ரோட்டை விட்டுவிட்டு ரயில் பாதையில் நடந்து போவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அவள் பேரில் எனக்கு ஒரு மரியாதை.

நம்ம வாசிகசாலை மலருக்கு ஊர் ஆள் ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் தலைவர்மாரையும் அதிபர்மாரையும் எழுதுவார்கள். நான் சுதர்ஷினியை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கொட்டகலையில் கோழி என்றால் பொன்னையா என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆறு கோழியைக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கி லயம் லயமாக விற்றவன், இன்றைக்கு இரண்டு மாடிக் கடையும் மூன்று ஃப்ரீஸரும் வைத்திருக்கிறேன். ஒருத்தரும் எனக்கு ஒரு செங்கல் எடுத்துத் தரவில்லை. கோழியின் உடம்பில் எனக்குத் தெரியாத இடம் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கே தெரியாத ஒன்றை இவள் கொண்டுவந்தாள்.

போன டிசம்பரில் இரண்டாவது ஒப்பந்தமும் முடிந்து அவள் வந்து சேர்ந்தாள். கடைக்கு வந்தபோது கேட்டேன்.

"என்னா புள்ள, அங்கத்திய சாப்பாட்டுல முகமெல்லாம் பளபளன்னு இருக்கு."

"சாப்பாடு எங்க மாமா. மேடம் சாப்பிட்டு மிஞ்சினதுதான்."

"மேடம் என்னா சாப்பிடும்?"

"கோழிதான். தெனமும் ராவைக்குக் கோழி. நெஞ்சு மட்டும், தோலு இல்லாம."

எனக்குக் காது நிமிர்ந்தது. ஏனென்றால் எங்கள் கடையில் விற்காமல் கிடப்பது நெஞ்சுக்கறிதான். நம் ஆட்களுக்கு எலும்பு வேண்டும், கடிக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும். நெஞ்சுக்கறி வாய்க்குள் பஞ்சு மாதிரி சுற்றும் என்று யாரும் தொடமாட்டார்கள். ஹோட்டல்காரர்கள் வாங்கினால் உண்டு, இல்லையென்றால் ஃப்ரீஸரில் கல்லாகிக் கிடக்கும்.

"அந்தப் பஞ்ச எப்பிடி தெனமும் திங்குது அது?"

"பஞ்சாவே இருக்காது மாமா. கெட்டியா வெள்ளையா ஒரு குழம்புல கெடக்கும். கிரீம் ஊத்தின மாதிரி. ஆனா கிரீம் இல்ல, தேங்காப்பால் இல்ல. எண்ணெய் ஒரு தேக்கரண்டி. மேடத்துக்கு ஒடம்பு ஏறக் கூடாது, ஆனா தெம்பு வேணும்."

"அப்ப எதுல கெட்டியாவுது?"

"அத இப்ப சொல்லிட்டா நாளைக்கி நீங்க கடை வாசல்ல போர்டு போட்டுருவீங்க" என்று சிரித்தாள்.

எனக்கு அன்றிரவு முழுக்க அதே நினைப்பு. தேங்காய்ப்பால் இல்லாமல் கறி வெள்ளையாகக் கெட்டியாகுமா? மாவு கரைத்தால் கஞ்சி. முட்டை ஊற்றினால் திரளும். வேறு என்னதான் இருக்கிறது?

அடுத்த நாள் அவள் வந்தபோது இன்னொன்றும் சொன்னாள். ஹட்டனில் இருக்கும் ஏஜென்சிக்காரன் மூன்றாவது தடவையும் குவைத்துக்குப் போகக் கூப்பிடுகிறானாம். பாஸ்போர்ட் அவனிடம் கொடுத்தால் ஒரு மாதத்தில் விமானம்.

"போறியா?"

"எம் மக நிலக்ஷி, நான் வந்து எறங்கின அன்னைக்கே 'எப்பம்மா திரும்பப் போவீங்க'ன்னு கேட்டா மாமா. அழுதுகிட்டுக் கேக்கல. பஸ் எத்தன மணிக்குன்னு கேக்கிற மாதிரி கேட்டா. அதுக்கப்புறம் போக மனசு வரல. ஆனா கொழுந்து பறிச்சி, பாதியில நிக்கிற வீட்டக் கட்டி முடிக்க முடியாது. அவரும் இப்ப மறுபடி கொழும்புக்குப் போயி கெடைக்கிறத அனுப்புறாரு, அது வாய்க்கும் வயித்துக்குமே பத்தாது. இங்கயே மாசம் ஒரு நெலையான வேல கெடச்சா நான் ஏன் போறேன்?"

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. படிக்காத மூளை, ஆனால் வியாபாரத்துக்குப் பழகிய மூளை.

எங்கள் பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் அன்ஸார் நானா எனக்கு வாலிப காலத்துக் கூட்டாளி. அதற்கு மூன்று மாதம் முன்னால் கண்டியில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்தார்கள். பிழைத்து வந்தார், ஆனால் உடம்பு பாதியாகிவிட்டது. டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். தேங்காய்ப்பால், நெய், எண்ணெய் வேண்டாம். கோழி, முட்டை, பருப்பு மாதிரி தசை வளர்க்கும் சாப்பாடு நிறைய வேண்டும். அவருடைய மனைவி றுக்கையா வைக்கும் கோழிக்கறியை நான் நாலு பெருநாளுக்கு ஒரு தடவையாவது தின்றிருக்கிறேன். முதல் பால், இரண்டாம் பால், மேலே ஒரு கரண்டி நெய். அந்தக் கையால் அவித்த கோழி அவருக்கு இறங்கவில்லை. "ஆஸ்பத்திரிப் பஞ்சு" என்று தட்டைத் தள்ளினார். அந்தம்மா குசினியில் அடுப்புப் பக்கம் நின்று அழுததை என் கண்ணால் பார்த்தேன்.

சுதர்ஷினியை நேரே அங்கே கூட்டிப்போனேன்.

"நானா, இந்தப் புள்ள தேங்காப்பால் இல்லாம கோழிய வெள்ளைக் குழம்பா வைக்குமாம். குவைத்துல மேடத்துக்கு வச்ச கை" என்றேன்.

றுக்கையா அவளை மேலும் கீழும் பார்த்தார். "பால் இல்லாத கறியா? அதுக்குப் பேரு ரசம் மகள்."

"இல்ல உம்மா, கெட்டியா இருக்கும்."

"எண்ட அடுப்புலதான் வைக்கணும். எண்ட கண்ணு முன்னுக்கு."

"சரி உம்மா."

கோழி பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. என் கடையில் அறுப்பது அஸ்ஹர் என்ற முஸ்லிம் பையன், பதினைந்து வருஷமாக அவன் கைதான். அந்தப் பஜாரில் எல்லா வீட்டு அடுப்பிலும் ஏறக்கூடிய கோழி என்னுடையது.

முதல் நாள் சமையல் படுதோல்வி. அதை மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் வெளிநாடு போய் வந்த நம் பிள்ளைகள்தான் அந்தத் தவறைச் செய்வார்கள். அவள் பஜாரில் நாலு கப் யோகட் வாங்கிக்கொண்டு போனாள். குவைத்தில் யோகட் என்று டப்பாவில் வருவது புளித்த தயிர். அங்கே நாலு வருஷம் அதையே அள்ளி அள்ளி ஊற்றிப் பழகிய கை. நம் கடைக் கப்பில் இருப்பது சீனி போட்டு உறைய வைத்தது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவசரத்தில் ருசியும் பார்க்கவில்லை. மிளகும் பூண்டும் போட்ட கோழியில் நாலு கப்பையும் கவிழ்த்துவிட்டாள்.

அன்ஸார் நானா ஒரு வாய் வைத்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

றுக்கையா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "இதென்ன இனிப்பு மகள், கோழி வட்டிலப்பமா?"

"நல்லாத்தான் ஈக்குது" என்றார் நானா. "நாளைக்கு மேல கொஞ்சம் கஜூக் கொட்டையும் தூவச் செல்லுங்க."

சுதர்ஷினிக்கு முகம் கறுத்துவிட்டது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள். ஆனால் நானா சிரித்தார். ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான் என்று றுக்கையா பிறகு என்னிடம் சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தந்தது.

"ரெண்டு கிழம, பதினாலு நாள்" என்றார் றுக்கையா. "இவர் தட்ட வழிச்சிச் சாப்பிடணும். டாக்டர் வேணாம்னது ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகக் கூடாது. சரிவந்தா மாசச் சம்பளத்துக்கு வா. சரிவராட்டி நீ ஒண்ட பிளேன்ல ஏறு. அதுவரைக்கும் காசு கேக்கக் கூடாது."

சுதர்ஷினி தலையாட்டினாள்.

ரோட்டில் இறங்கும்போது கேட்டேன், "அப்ப அந்த வெள்ளை தயிரா?"

"தயிருதான் மாமா. கண்டுபுடிச்சிட்டீங்க, போர்டப் போடுங்க."

"சட்டித் தயிர் வாங்கேன், அங்க தொங்குதே."

"அது எருமப்பால். கொழுப்பு. ஆடையெடுத்த பசும்பால்ல நானே ஒற போடணும்."

நான் விடவில்லை. இரண்டு நாள் கழித்து, காலை வியாபாரம் முடிந்ததும் அவளுடைய லயத்துக்கு ஏறினேன். என் வயதில் அந்த ஏற்றம் ஏறுகிறவன் கொட்டகலையில் என்னைத் தவிர யாரும் இல்லை. அவளுடைய மாமியார் மீனம்மா காம்பரா வீட்டு வாசலில் மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பசுமாடு, அதைக் கறந்து காலையில் பால் வண்டிக்கு ஊற்றுவார்கள்.

"கோழி விக்கிறவருக்குத் தயிரு பாக்க இம்புட்டு ஆசையா?" என்றாள் மீனம்மா. "எங்க வீட்டுல பொண்ணு பாக்க வந்தப்பகூட இம்புட்டு வேகமா யாரும் மேட்டு ஏறல."

"ஒறைஞ்சிச்சா?"

"எங்க ஒறையிறது. ஜனவரிக் குளிருல மனுசனே ஒறையிறான், பாலு மட்டும் அப்பிடியே இருக்கு."

உள்ளே சுதர்ஷினி ஒரு பானையைக் காட்டினாள். இரண்டு நாளாகப் பால் பாலாகவே இருந்தது. குவைத்தில் மேசையில் வைத்தாலே ஐந்து மணி நேரத்தில் கட்டியாகுமாம். இங்கே உறை ஊற்றினால் உறையே விறைத்துப்போகிறது. அவள் கண்ணில் தூக்கமில்லை. இரண்டு கிழமையில் இரண்டு நாள் போய்விட்டது, அந்த இரண்டு நாளும் வெறும் பருப்பு அரைத்து ஊற்றிச் சமாளித்திருக்கிறாள். நானா பாதித் தட்டுச் சாப்பிட்டாராம்.

மீனம்மா புல்லை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகும் பழைய கம்பளியை உதறினாள். புதிதாகக் காய்ச்சி ஆடையெடுத்த பாலை விரலால் தொட்டுப் பார்த்து, சூடு பொறுக்கும் பக்குவத்தில் உறையை ஊற்றி, பானையைப் பிள்ளையைச் சுற்றுவது மாதிரி கம்பளியில் சுற்றினாள். விறகடுப்பில் சாம்பலைப் பரப்பி, அதன் ஓரத்தில் உட்கார வைத்தாள்.

"எம் புருசன் இருந்த காலத்துல மோரு இல்லாம சோறு எறங்காது அவருக்கு. இந்தக் குளிருல எப்பிடி ஒற போட்டேன்னு நெனச்ச?"

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அத்த" என்றாள் சுதர்ஷினி.

"நீ கேட்டியா? நீ குவைத்து ஆளு. ஒனக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்."

அடுத்த நாள் காலையில் அந்தப் பானையைக் கவிழ்த்தால்கூடத் தயிர் விழாது. சுதர்ஷினி அதைத் துணியில் கட்டி, காம்பராவின் கூரை மரத்தில் தொங்கவிட்டாள். நீரெல்லாம் வடிந்து, சாயந்தரம் அவிழ்த்தபோது வெண்ணெய்க் கட்டி மாதிரி ஒரு உருண்டை. மறுபடியும் மேடு ஏறிப் போயிருந்த நான் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தேன். புளிப்பு இருக்கிறது, வழவழப்பு இருக்கிறது, ஆனால் விரலில் பிசுக்கு இல்லை. எழுபது வயதில் புதிதாக ஒன்றைத் தொட்டுப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அன்று அன்ஸார் நானா வீட்டுக் குசினியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "பொன்னையாண்ணே கடைய அஸ்ஹர்ட தலையில கட்டிட்டு இங்க வந்து குந்திட்டார்" என்று றுக்கையா தேநீர் கொடுத்தார்.

சுதர்ஷினி நெஞ்சுக்கறியைக் குறுக்கே பட்டையாக வெட்டினாள். பிழிந்த தேசிக்காய்ப் புளி, உப்பு, பூண்டு, நொறுக்கிய மிளகு போட்டுப் பிசறி வைத்தாள். இடைநேரத்தில் வெங்காயத் தண்டு மாதிரியான நாலு லீக்ஸை நாணயம் நாணயமாக அரிந்தாள். அடி கனத்த சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கறித் துண்டுகளை அடுக்கி, கையை எடுத்துவிட்டாள்.

"கிண்டு மகள், அடி புடிக்கும்" என்றார் றுக்கையா.

"கிண்டினா தண்ணி விட்டுரும் உம்மா. அப்புறம்தான் பஞ்சாவும். ஒரு பக்கம் செவந்து தானா எழும்பட்டும்."

எழும்பியது. திருப்பிப் போட்டாள், மறுபக்கமும் சிவந்ததும் வேகுமுன்னே எடுத்து மூடி வைத்தாள். எனக்கு அதுதான் ஆச்சரியம். நம் ஆட்கள் கோழியை எலும்பு கழலும்வரை வேக வைப்பவர்கள். கேட்டேன்.

"இது அரை வேக்காடு. குழம்புல மிச்சம் வேவும் மாமா. இப்பவே முழுசா வெந்தா அப்புறம் நீங்க அத வித்த காசக்கூட அன்ஸார் மொதலாளி திருப்பிக் கேப்பாரு."

அதே சட்டியில் லீக்ஸ். எண்ணெய் இல்லாமல், ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, குழையும்வரை விட்டாள். பிறகு அவித்து மசித்த மைசூர்ப் பருப்பில் ரெண்டு கரண்டி, கொஞ்சம் இஞ்சி, கீறிய பச்சை மிளகாய், வெந்நீர். அது கொதித்ததும் கோழி திரும்பி உள்ளே போனது. துண்டு ஒன்றைப் பிட்டுப் பார்த்து, உள்ளே ரோஸ் நிறம் போனதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

"என்னா, முடிஞ்சிச்சா?" என்றேன். குழம்பு மஞ்சளாக, தண்ணியாகத்தான் இருந்தது.

"இப்பத்தான் ஆரம்பம்."

தயிர் உருண்டையில் ஒரு தேக்கரண்டி சோளமாவைப் போட்டு அடித்தாள். சட்டியிலிருந்து சூடான குழம்பை ஒவ்வொரு கரண்டியாக அதில் விட்டு விட்டு அடித்தாள். தயிரைச் சூட்டுக்குப் பழக்குகிறாளாம். நேரே கொதிக்கிற சட்டியில் போட்டால் திரிந்து துண்டு துண்டாகிவிடும். பழகிய தயிரைக் கடைசியில் சட்டியில் ஊற்றிச் சுற்றினாள். என் கண் முன்னால் குழம்பு வெளுத்தது, தடித்தது, கரண்டியின் முதுகில் ஒட்டி நின்றது.

நானாவுக்குக் குரக்கன் என்கிற கேழ்வரகு ரொட்டியோடு வைத்தார்கள். அவர் முழுவதையும் சாப்பிட்டார். ரொட்டித் துண்டால் தட்டின் ஓரத்தைத் துடைத்தார். "பொன்னையா, ஒண்ட கோழிதானா இது?" என்று மட்டும் கேட்டார்.

"நாற்பது வருசமா அதே கோழிதான் நானா" என்றேன்.

அதற்குப் பிறகு நாட்கள் நன்றாக ஓடின. ஒரு நாள் லீக்ஸுக்குப் பதிலாகக் கரட், ஒரு நாள் கீரை. ஒரு நாள் முட்டை வெள்ளையை அவித்து நறுக்கிப் போட்டாளாம். நானா ஊன்றி நடந்த தடியை வைத்துவிட்டுக் கடை வாசல்வரை நடந்து வந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியது. பஜாரில் எல்லாரும் பார்த்தோம். என் கடையில் நெஞ்சுக்கறி கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், நான் விலையை ஐம்பது ரூபாய் ஏற்றினேன்.

அந்தக் கன்னத்துச் சதைதான் வினையாகிவிட்டது. இரண்டு கிழமை முடிகிற நாள் சாயந்தரம், நான் நானா வீட்டுக்குப் போனபோது குசினியில் சத்தமில்லாத சண்டை. சுதர்ஷினி சுவரோடு நின்றாள். அடுப்பில் கறி தயாராக இருந்தது. றுக்கையா கையில் அகப்பை.

"நீங்களே செல்லுங்க பொன்னையாண்ணே" என்றார் றுக்கையா. "வரவர வெள்ளையாவுது, வரவர வழவழங்குது. இவர் தட்ட நக்கிறார். முப்பத்தாறு வருசமா கறி ஆக்குற கை இது. தேங்காப்பாலோ கிரீமோ கொஞ்சமாச்சும் இல்லாம இந்த ருசி வராது. இவ வேல கெடைக்கணும்னு ஒளிச்சி ஊத்துறா."

"நான் ஊத்தல உம்மா."

"லயத்துலருந்து போத்தல்ல கட்டிக்கிட்டு வாறியே, அந்தத் தயிருக்குள்ள என்ன கலந்தீக்குன்னு எனக்குத் தெரியுமா?"

"தேங்கா விக்கிற வெலைக்கு யாரு உம்மா ஒளிச்சி ஊத்துறது" என்றாள் சுதர்ஷினி.

றுக்கையாவின் கண் நிறைந்திருந்தது. "கண்டியில அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியில ஏழு மணி நேரம் நின்டேன் நான். இவருக்கு இன்னொரு தடவ அப்பிடி வந்தா தாங்கமாட்டேன். ஊத்தியீந்தா செல்லிரு மகள். திட்டமாட்டேன். ஆனா இன்னைக்கோட நிப்பாட்டணும்."

அந்த நேரம் பார்த்து சுதர்ஷினியின் போன் அடித்தது. ஹட்டன் ஏஜென்சிக்காரன். அவள் எடுத்து, "நாளைக்கிக் காலையில முடிவு சொல்றேன் அண்ணே" என்றாள். அந்தப் பக்கம் அவன் கத்தியது எங்களுக்கும் கேட்டது. இப்போதே சொல்லாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கிறானாம். "ஒரு மணித்தியாலம் தாங்க" என்று வைத்துவிட்டாள்.

நான் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். ஆனால் நான் குசினியில் உட்கார்ந்து பார்த்தது ஒரு நாள்தான். மற்ற நாளுக்கு என் சத்தியம் எப்படிச் செல்லும்? நானா உள்ளே கட்டிலில் இருந்து, "சும்மா ஈங்க, பசிக்குது" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது றுக்கையாவே ஒரு காரியம் செய்தார். ஒரு பீரிசுத் தட்டில் சுதர்ஷினியின் குழம்பை மூன்று கரண்டி ஊற்றினார். இன்னொரு பீரிசில் அதே குழம்பை ஊற்றி, தனக்கென்று வைத்திருந்த மீன்கறிக்குப் பிழிந்த முதல் பாலில் இரண்டு கரண்டி கலந்தார். இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்தார். வெளியே பனி புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல் இரண்டையும் வைத்து வலையால் மூடினார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மலையில் வாழ்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். நம் வீடுகளில் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் சொட்டும் விழாது, வெள்ளை மெழுகாகி நிற்கும். அடுப்படியில் வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்போம். தேங்காய்ப்பால் சேர்ந்த கறியும் அப்படித்தான். ஆறினால் மேலே வெள்ளைப் படை கட்டும். ஒளித்து ஊற்றியிருந்தால் குளிர் காட்டிக்கொடுத்துவிடும்.

"கிரீம் ஊத்தியீந்தாலும் மேலே நெய்யா நிக்கும்" என்றார் றுக்கையா. "பாப்போம்."

நாங்கள் மூன்று பேரும் குசினியில் காத்திருந்தோம். பள்ளிவாசலில் மாலைப் பாங்கு சொன்னார்கள். றுக்கையா தொழப் போனார். சுதர்ஷினி கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

"பயமா இருக்கா புள்ள?" என்றேன்.

"தயிருல பயமில்ல மாமா. அத்த ஆடைய ஒழுங்கா எடுத்தாங்களான்னுதான் பயம். நேத்து நான் கடைக்குப் போனப்ப அவங்கதான் பால் காய்ச்சினாங்க. நிலக்ஷி ஆடையச் சீனி போட்டுத் திங்கும். அவ தின்னுருந்தா நான் தப்பிச்சேன்."

றுக்கையா தொழுதுவிட்டு வந்து டார்ச் லைட்டை எடுத்தார். நாங்கள் பின்னால் போனோம். குளிர் காதைக் கடித்தது. வலையைத் தூக்கி வெளிச்சம் அடித்தார். தேங்காய்ப்பால் கலந்த பீரிசில் மேலே வெள்ளைப் பொட்டுப் பொட்டாகக் கட்டி, நடுவில் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தோல் விரித்திருந்தது. றுக்கையா நகத்தால் தொட்டார், தோல் நகத்தோடு எழும்பியது.

மற்ற பீரிசு அப்படியே இருந்தது. குழம்பு இறுகியிருந்தது, ஆனால் மேலே ஒரு படையும் இல்லை. விரலால் தொட்டு, இரண்டு விரலை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். பிசுக்கே இல்லை. ஓரத்தில் நெய்ப் புள்ளி இருக்கிறதா என்று டார்ச்சைக் கிட்டக் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததை நான் குறை சொல்லமாட்டேன். நானும் ஒரு கோழியை வாங்குமுன் அப்படித்தான் பார்ப்பேன்.

"ஒண்ணுமில்ல" என்றார் கடைசியில். அந்தப் பீரிசை அப்படியே வாயில் வைத்து, ஆறிப்போன குழம்பை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "குளிர்லயும் நல்லாத்தான் ஈக்குது."

உள்ளே வந்ததும் சூடான கறியை நானாவுக்குப் பரிமாறிவிட்டு வந்து சுதர்ஷினி முன்னால் நின்றார்.

"எவ்வளவு நெனச்சீக்கிற மாசத்துக்கு?"

சுதர்ஷினி என்னைப் பார்த்தாள். இந்தப் பேச்சில் என்னை விட்டால் ஆள் ஏது. "முப்பதாயிரம்" என்றேன். "சாமான் செலவு உங்களது. பால் காசு வேற."

"அண்ணே, நீங்க கோழி விக்கிறீங்களா, ஆள் விக்கிறீங்களா?" என்றார் றுக்கையா. "இருபத்தஞ்சு."

"குடுங்க" என்று உள்ளே இருந்து நானாவின் சத்தம் வந்தது. வாயில் ரொட்டி இருந்தது தெரிந்தது. "முப்பது குடுங்க. கொறச்சா நான் இனி அவிச்ச கோழிதான் திம்பேன்."

"சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்றார் றுக்கையா. பிறகு அவளிடம், "முப்பதுன்னா, வெள்ளிக்கிழமையிலயும் வரணும். ஒண்ட மாமிட்ட செல்லி எனக்கும் ஒரு கட்டித் தயிர் வேணும்."

"வர்றேன் உம்மா. கொண்டாறேன்."

போன் மறுபடியும் அடித்தது. அவள் அதை எடுத்து, "நான் வரல அண்ணே. வேற ஆளுக்குக் குடுங்க" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அணைத்தாள்.

றுக்கையா அலுமாரியைத் திறந்து, சேலைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தார். "காசு கேக்கக் கூடாதுன்னுதான் சென்னேன். தரமாட்டேன்னு செல்லல்ல. முடிஞ்ச ரெண்டு கிழமைக்குப் பாதிச் சம்பளம். கையை நீட்டு."

சுதர்ஷினி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து நீட்டினாள். றுக்கையா விரலில் எச்சில் தொட்டு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாகவே எண்ணினார், நடுவில் ஒட்டிக்கொண்ட இரண்டு நோட்டைப் பிரித்து மறுபடி வைத்தார். நானும் வாய்க்குள் கூடவே எண்ணினேன். பதினைந்தாவது நோட்டு விழும்வரை அவள் கையை மூடவில்லை.